அறுபது பலகைகள்

செவ்வாய்க்கிழமை வந்த ஓர்டர்:
பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், அலுமினியம்,
வெள்ளையில் சிவப்பு எழுத்து, அறுபது.
தனியார் நிலம்.
மீன்பிடி, வேட்டை, நடமாட்டம் தடை.

எனக்கு இது புதிதல்ல.
லின்ட்சேயில் எங்கள் கடைக்கு
இரண்டு வருடமாகச் சோறு போடுவதே
தடை என்கிற சொல்தான்.
கல்யாணப் பதாகையெல்லாம் குறைந்துபோயிற்று.

அனுப்பும் முகவரியைக் கடைசியில்தான் பார்த்தேன்.
ஏழாம் கன்செஷன் வீதி, ஹட்ச்சின்சன் பண்ணை.

அந்தப் பண்ணையின் சோளக்காட்டு ஓரமாக
எட்டு நிமிடம் நடந்தால் ஆறு.
ஒரு பழைய மதகு. மதகின் நிழலில்
ஜூன் கடைசியில் பாஸ் மீன் நிற்கும்,
சம்பளக் கவருக்கு நிற்பவன் மாதிரி
அசையாமல்.
மில்ட்ரெட் ஹட்ச்சின்சன் இருந்தவரை
வழிக்கூலி ஒரு பெட்டி டோனட்.
சீனி கூடாதென்று டாக்டர் சொன்ன பிறகு
அதுவும் வேண்டாம்,
படலையைச் சாத்திவிட்டுப் போ என்றாள்.

அவளுக்குப் பின் பிள்ளைகள் விற்றார்கள்.
வாங்கியது ஒரு கழகம்.
ஆண்டுக்கு இரண்டாயிரத்து நானூறு டாலர்,
மானுக்குத் தனி, வான்கோழிக்குத் தனி,
காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுத இருநூறு.

நகரசபைப் படகுத்துறை இருக்கிறதே என்பீர்கள்.
போன கோடையில் கார் நிறுத்த ஐந்து டாலர்,
இந்தக் கோடையில் முப்பது,
சனி ஞாயிறு உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்.
ஒரு டசின் புழு எட்டு டாலர்.
"புழுவுக்கும் வாடகை ஏறிவிட்டது" என்கிறான்
புழு விற்கும் லோர்ன்.
இருபத்தாறு இலையுதிர்காலம் அவன் மான் சுட்ட காட்டு வாசலில்
இப்போது ஒரு பலகை.
அதையும் நான்தான் அடித்தேன்.
அவனுக்குச் சொல்லவில்லை.

நீரடித்து நீர் விலகாதாம்.
பலகை அடித்தால் விலகுகிறது.

ஐம்பத்தொன்பதோடு மெஷினை நிறுத்தினேன்.
வீரம் என்று நினைக்கவேண்டாம்;
கை நின்றது, அவ்வளவுதான்.
கட்டி, அறுபது என்று எழுதி ஒட்டினேன்.

சனி விடிய ரொமுலோவின் பிக்கப்பில் போனோம்.
முதியோர் இல்லத்து இரவு வேலை முடித்து
நீலச் சீருடையோடேயே வந்திருந்தான்.
வேலி நெடுக என் எழுத்து.
சிவப்பு கொஞ்சம் கூடத்தான் போட்டுவிட்டேன்.
ஒவ்வொன்றாக அவன் வாசித்துக்கொண்டு வந்தான்,
ஒவ்வொன்றிலும் வேறு சேதி இருப்பதுபோல.

மதகடியில் ஒரு கம்பம்.
நாலு துளை தயாராக. பலகை இல்லை.
வீதியிலிருந்து அடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு
ஆற்றங்கரையில் ஒன்று குறைந்திருக்கிறது.

சட்டம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.
ஐம்பத்தொன்பதைத் தாண்டித்தானே
அங்கே வந்து சேர்ந்தோம்.
ஆனாலும் அந்த வெறுங்கம்பத்தின் பக்கத்தில்
தோளோடு தோள் இடித்து நின்று
தூண்டில் போட்டோம்,
ஒரு பலகையின் அகலத்தில்.

ஒரு பெர்ச் வந்தது, விரல் நீளம். விட்டுவிட்டோம்.
ரொமுலோ ஃபிளாஸ்கைத் திறந்தான்.
"உன் பிழையா?"
"ஓம்."
"எழுத்துப் பிழையா, எண்ணிக்கைப் பிழையா?"
மிதவை ஒருமுறை தாழ்ந்தது மாதிரி இருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை கழகத்திலிருந்து போன்.
முதலாளி டெரன்ஸ்
சம்பளத்தில் பதினெட்டு டாலர் கழித்தான்.
பரவாயில்லை.
இந்த வருடம் இந்தப் பக்கத்தில்
இதைவிட மலிவாக
எவனும் ஆற்றைப் பார்த்திருக்க மாட்டான்.

அறுபதாவதை மத்தியானம் அடித்தேன்.
மை காய இருபது நிமிடம்.
அதுவரை தொடக்கூடாது,
தொட்டால்
எழுத்து கையில் வந்துவிடும்.